சைதூன் தொடக்கூடாத மூலை

அந்த மெஷினைக் கண்டாலே எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறாள் என்று யாரும் குறை சொல்லக் கூடாது. திண்டுக்கல் ஊருக்குள் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக வெளிநோயாளி பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் எனக்குச் சம்பளம் வருகிறது. என் பெயர் வினிதா, ஊர் சின்னாளபட்டி. நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல. அதே ஆஸ்பத்திரியில் பத்து வருடத்துக்கு மூன்று வாரம் குறைவாகத் துப்புரவு வேலை பார்த்த சைதூன் அக்காவைப் பற்றி. ஆனால் மெஷினைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

மெஷின் வந்து இரண்டரை வருடம் ஆகிறது. ஆள் உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி, நெஞ்சு மட்டத்தில் கண்ணாடித் தொடுதிரை, அதற்குக் கீழே டோக்கன் சீட்டு வெளியே வர ஒரு பிளவு. நோயாளி வந்து தன் போன் நம்பரை அழுத்தி, எந்த டாக்டர் என்று தொட்டால் சீட்டு வரும். வர வேண்டும். அதற்கு முன்பு மூன்று பேர் உட்கார்ந்து கையால் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மெஷின் வந்த மாதமே இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மெஷினிடம் தோற்றுப்போய் வருகிறவர்களுக்குச் சமாதானம் சொல்ல என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

வாரத்துக்கு மூன்று நாளாவது அது படுத்துவிடும். ஒரு நாள் திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் என்னவோ வருத்தம் தெரிவிக்கும். ஒரு நாள் டோக்கன் பக்கமே காணாமல் போய், கம்ப்யூட்டரின் உள்படம் வந்து நிற்கும்: பச்சை மலை, நீல வானம். கன்னிவாடியிலிருந்து வந்த ஒரு அம்மா, "இது எந்தப் பக்கத்து மலை தாயி?" என்று என்னைக் கேட்டது. இன்னொரு நாள் காலை பூராவும் 'அப்டேட் ஆகிறது' என்று ஆங்கிலத்தில் போட்டு, நடுவில் பெரிதாக 37 என்று காட்டிக்கொண்டே நின்றது. எரியோட்டுப் பெரியவர் ஒருவர் முப்பத்தேழு தன் டோக்கன் நம்பர் என்று நினைத்துக்கொண்டு, பதினொன்றரை மணிவரை டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். பிறகு வந்து, "முப்பத்தேழ மட்டும் கூப்புட மாட்டேங்குறாகளே, நாங்க என்ன இளிச்சவாயனுகளா?" என்று என்னிடம் சண்டை பிடித்தார். நானும் அவர்மேல் எரிந்து விழுந்தேன். வேறு யார்மேல் எரிந்து விழுவது?

மெஷினைப் பார்த்துக்கொள்ள ஒரு கம்பெனி உண்டு. அதன் ஆள் அருண்பாண்டி. மதுரையிலிருந்து பைக்கில் வர வேண்டும். போன் போட்டால், "கிளம்பிட்டேன்க்கா, வாடிப்பட்டி தாண்டிட்டேன்" என்பான். வாடிப்பட்டியைத் தாண்ட அவனுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை இருமுகிறவர்களும் கட்டுப் போட்டவர்களும் பிள்ளைகளை இடுப்பில் வைத்திருக்கிறவர்களும் என்னைத் திட்டிக்கொண்டு நிற்பார்கள்.

சைதூன் அக்காவுக்கு வயது நாற்பத்தெட்டு. பேகம்பூரில் வீடு. ஒல்லியான உடம்பு, வேகமான நடை, அதைவிட வேகமான வாய். காலை ஆறரைக்கு வந்து துடைப்பானைக் கையில் எடுத்தால், அவர் துடைத்த தரையில் ஈரம் காய்வதற்குள் டாக்டரே கால் வைத்தாலும் விடமாட்டார். "சார், செத்த நேரம் அந்தப் பக்கமாப் போங்க" என்பார். எச்சில் துப்புகிறவர்களை அவர் பேசும் பேச்சு இங்கே எழுதத் தக்கதல்ல. எட்டாவது வரை படித்தவர். தமிழ் வாசிப்பார், நம்பர் வாசிப்பார், ஆங்கிலம் தெரியாது. என்னைத் தவிர யாரிடமும் சிரித்துப் பேசிப் பார்த்ததில்லை. என்னிடமும் தினமும் சிரிக்கமாட்டார்.

அவருடைய வீட்டுக்காரர் சேக் பரீது இருபத்தைந்து வருடம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். உப்பும் சுண்ணாம்புமாகச் சுவாசித்து நெஞ்சு கெட்டுப்போய் இப்போது வீட்டில் இருக்கிறார். வாரத்துக்கு இரண்டு தடவையாவது நெபுலைசர் வைத்து மருந்துப் புகை உள்ளே போனால்தான் அவருக்கு ராத்திரி படுக்க முடியும். அவருடைய நெஞ்சை அறிந்த டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இங்கே எந்தச் சலுகையும் கிடையாது. பத்து வருடம் ஒழுங்காக முடித்தவர்களை மட்டும் ஆஸ்பத்திரியே சொந்த ஆளாக எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டால் ஒரு நீல அட்டை தருவார்கள். அந்த அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வைத்தியம் இலவசம். சைதூன் அக்காவுக்குப் பத்து வருடம் அந்த நவம்பரில் முடிய இருந்தது. வேறு எதற்காகவும் அவர் அந்தக் கட்டடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவில்லை. அந்த அட்டை ஒன்றுக்காகத்தான்.

மெஷினுக்குள் ஒரு கள்ள வாசல் இருந்தது. அருண்பாண்டி வந்தால் திரையின் வலது மேல் மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே நிற்பான். பத்து எண்ணும் நேரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நம்பர் பலகை வரும். ரகசிய நம்பரை அழுத்தினால் உள்ளே ஆங்கிலத்தில் ஆறு வரிகள் கொண்ட பட்டியல் திறக்கும். நம்பரை அழுத்தும்போது மட்டும் அவன் தோளால் திரையை மறைத்துக்கொள்வான். எங்களிடமிருந்துதான் மறைப்பான். காலடியில் தரை துடைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் யார் மறைப்பார்கள்? அக்கா அவன் விரலைப் பார்க்கவில்லை, முழங்கையைப் பார்த்தார். முழங்கை மேலிருந்து நேராக நான்கு தடவை கீழே இறங்கியது. பலகையின் நடு வரிசையில் மேலிருந்து கீழே என்ன இருக்கும்? இரண்டு, ஐந்து, எட்டு, பூஜ்யம். அவ்வளவுதான் கம்பெனியின் ரகசியம்.

உள்ளே இருந்த ஆறு வரிகளையும் அவரால் வாசிக்க முடியாது. இடத்தை வைத்து மனப்பாடம் செய்தார். மூன்றாவது வரியைத் தொட்டால் மெஷின் அணைந்து எழும். அதற்கு அவர் வைத்த பெயர் 'எழுப்பி விடுறது'. நான்காவதைத் தொட்டால் திரை முழுக்க வெள்ளையாகி, விரல் வைத்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். கண்ணாடி எங்கெங்கே தொடுதலை உணர்கிறது என்று சோதிப்பதற்காம். அதற்குப் பெயர் 'வெள்ளைத்தாள்'. மற்ற நான்கையும் அவர் தொட்டதே இல்லை. "தெரியாத கதவத் தொறந்தா தெரியாத நாய்தானடி வரும்" என்பார்.

அதற்குப் பிறகு மெஷின் படுத்தால் நான் அருண்பாண்டிக்குப் போன் போடுவதை விட்டுவிட்டேன். அக்காவுக்குக் கண்ணைக் காட்டுவேன். அவர் துடைக்கும் துணியோடு வருவார். நான் கொடுத்த பழைய சுங்குடிச் சேலைக் கிழிசல்தான் அந்தத் துணி. அதைத் திரைமேல் போட்டு, துடைக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டே துணிக்கடியில் விரலை வைத்து எண்ணுவார். இரண்டு நிமிடத்தில் மெஷின் எழுந்துவிடும். இதைப் பார்த்த நோயாளிகள், துடைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி, அவர் இல்லாத நேரத்தில் துண்டாலும் முந்தானையாலும் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள்.

எக்ஸ்ரே அறையில் அவரைக் கூப்பிட்டார்கள். மருந்துக்கடையில் கூப்பிட்டார்கள். மேனேஜர் சேதுபதியும் கூப்பிட்டார், அதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்வேன். ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டரின் சம்பந்தி வீட்டார் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்க வந்த அன்று திரையில் பச்சை மலை வந்து நின்றுகொண்டது. மேனேஜர் வியர்க்க வியர்க்க ஓடிவந்து, "ஏம்மா சைதூன், செத்த அமுக்கி விடும்மா, மானம் போகுது" என்றார். அவர் அமுக்கிவிட்டார். யாரும் ஒரு நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. நானும் சொன்னதில்லை.

ஆயுத பூஜை அந்த வருடம் வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் கவுண்டர் நாற்காலியிலிருந்து ஆம்புலன்ஸ் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை உண்டு. பெரிய டாக்டரின் மனைவியை நாங்கள் மேடம் என்போம். வருடா வருடம் அவர்தான் கையால் பொட்டு வைப்பார். தட்டோடு மெஷினுக்கு முன்னால் வந்தார். தகரத்தில் வைத்தால் எடுப்பாக இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணாடியின் நான்கு மூலையிலும் நல்ல கெட்டியாகச் சந்தனத்தை அப்ப ஆரம்பித்தார்.

சிந்திய பொரியைக் கூட்டிக்கொண்டிருந்த சைதூன் அக்கா நிமிர்ந்தார். "மேடம், கண்ணாடியில வேணாம் மேடம். அந்த மேல் மூலையில மட்டுமாவது வேணாம். தகரத்துல வைங்க, மெசினு கோளாறு பண்ணும்."

மேடம் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. "உங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இல்ல. பேசாம நில்லுங்க" என்றார். 'உங்களுக்கு' என்றது மரியாதைக்காக அல்ல என்று அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது. மேல் மூலையில் சந்தனமும், அதன்மேல் குங்குமமும் ஏறியது. மேனேஜர் எங்களைப் பார்த்து, "மேடம் கை ராசியான கை. தானா உதிர்ற வரைக்கும் யாரும் இதைத் தொடக் கூடாது" என்று உத்தரவு போட்டார்.

சனிக்கிழமை விஜயதசமி, அடுத்து ஞாயிறு. மூன்று நாள் கழித்துத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரி திறந்தபோது வாசலில் மூன்று நாள் நோயாளிகளும் சேர்ந்து நின்றார்கள். கதவு திறப்பதற்கு முன்பே அக்கா என் கவுண்டருக்கு வந்தார்.

"வினிதா, மத்த மூணும் உதுந்துருச்சு, அந்த மேல் மூலப் பொட்ட மட்டும் நீ தொடச்சு விட்ருடி."

"ஏன்க்கா, நீங்கதான எப்பவும் தொடைப்பீங்க?"

"நான் தொடச்சா வேற பேச்சாப் போகும். சைதூன் வந்து சாமிப் பொட்ட அழிச்சுட்டான்னுதான் சொல்லுவாக. உங்கையால தொடச்சா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. காஞ்சு கல்லா இருக்குடி. வெரல் வச்சு அழுத்துற மாதிரியே மெசினு நெனச்சுக்கும்."

அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் மேடத்துக்கு யார் பதில் சொல்வது? "காஞ்சது தானா விழுந்துரும்க்கா, விடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை நான் செய்யவில்லை.

மெஷினை இயக்கியதும் சாம்பல் நிறப் பலகை தானாக வந்து நின்றது. மூடினால் பத்து எண்ணும் நேரத்தில் மறுபடி வரும். கூட்டத்துக்கு அது ரகசியப் பலகை என்று எப்படித் தெரியும்? பூஜ்யம் முதல் ஒன்பது வரை நம்பர் இருக்கிறது, மேலே கட்டம் இருக்கிறது. போன் நம்பரைக் கேட்கிறது என்று நினைத்து ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பத்து நம்பரையும் அழுத்தினார்கள். மூன்று தடவை தப்பு நம்பர் போட்டால் மெஷின் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். திரை முழுக்கச் சிவப்பானது. முப்பது நிமிடம் எதுவும் நடக்காது என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது.

பிறகு நடந்தது கலவரம்தான். ஒருத்தர் தகரத்தை ஓங்கி உதைத்தார். ஒரு பெண் என் கவுண்டர் கண்ணாடியில் அடித்தாள். கையால் சீட்டு எழுதலாமென்றால் சீட்டுப் புத்தகங்களையே பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தார்கள். சத்தம் கேட்டுப் பெரிய டாக்டரே மாடியிலிருந்து இறங்கி வந்தார். கூடவே மேடம், மேனேஜர்.

"யார் பண்ணது இது?" என்றார் டாக்டர்.

மேனேஜர் சேதுபதி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "இந்தம்மாதான் சார். எப்பப் பாத்தாலும் ஈரத்துணிய வச்சு இதை நோண்டிக்கிட்டே இருக்கும். நானும் எத்தனையோ தடவ சொல்லிப் பாத்துட்டேன்."

எக்ஸ்ரே அறைக்காரர் கூரையைப் பார்த்தார். மருந்துக்கடைப் பெண் போனைப் பார்த்தாள். சைதூன் அக்கா என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினேன்.

"சார்," என்றார் அக்கா. "அரை மணி நேரத்துல அது தானாத் தொறக்கும். தொறந்ததும் நான் ஒண்ணு காட்டுறேன். அதப் பாத்துட்டு என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க."

அவர் அவ்வளவு தைரியமாகச் சொன்னதால்தானோ என்னவோ, டாக்டர் நின்றார். சிவப்பு போய்ச் சாம்பல் பலகை வந்தது. அக்கா துணியையெல்லாம் தேடவில்லை. இருநூறு பேருக்கு முன்னால் நடு வரிசையில் நான்கு தடவை விரலை இறக்கினார். பட்டியல் திறந்தது. நான்காவது வரியைத் தொட்டார். திரை வெள்ளையானது. இரண்டு கையையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வெள்ளைத் திரையில், வலது மேல் மூலையில், மேடம் வைத்த பொட்டின் ஓரமாக ஒரு கறுப்புப் புள்ளி தனியாக நின்றது.

"இங்க யார் கையி இருக்கு சார்? என் கையி பின்னால இருக்கு. வினிதா, இப்ப வந்து அந்தப் பொட்டத் தொடடி."

இந்தத் தடவை எழுந்து போனேன். நகத்தால் சுரண்டிச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். கறுப்புப் புள்ளி மறைந்தது.

கூட்டத்தில் ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர், "ஏனுங்க, அப்ப அந்தப் பொட்டுத்தானுங்களா நம்மள இத்தன நேரம் நிக்க வெச்சுது?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மேடத்தின் முகம் செத்துவிட்டது. அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். எனக்கு இந்த மனிதர்களை இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

டாக்டர் பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்த நம்பர் உனக்கு யார் கொடுத்தா?" என்றார்.

"யாரும் குடுக்கல சார். பாத்துக்கிட்டேன்."

"நீ எதுக்குப் பாத்த?"

"கண்ணு இருக்குல்ல சார்."

மத்தியானம் விசாரணை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். 'சைதூன் அடிக்கடி இயந்திரத்தைத் தொடுவதைப் பார்த்திருக்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி. 'ஆம்' என்று எழுதினேன். அது உண்மை. கூப்பிட்டது யார் என்று அந்தத் தாளில் கேள்வி இல்லை, நானும் சேர்த்து எழுதவில்லை. எக்ஸ்ரே அறையும் மருந்துக்கடையும் அதே 'ஆம்' எழுதின. அருண்பாண்டி வந்து, பழுதுக்குக் காரணம் 'ஈரத்துணி' என்று எழுதிக் கொடுத்தான். வெளியே பிடித்து நிறுத்திக் கேட்டேன். "மேடம் பொட்டு வச்சாங்கன்னு எழுத முடியுமாக்கா? அடுத்த வருசம் காண்ட்ராக்ட் கிடைக்குமா?" என்றான். அவனுக்கு இருபத்தாறு வயது. அதற்குள் இவ்வளவு கற்றுக்கொண்டுவிட்டான்.

அனுமதியில்லாமல் இயந்திரத்தின் ரகசியப் பகுதிக்குள் நுழைந்ததாகக் குற்றம். தப்பை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஒரு மாதச் சம்பளம் கையில் தருவதாக மேனேஜர் பெரிய மனது பண்ணினார். அக்கா தாளை முழுக்க, மெதுவாக, வாய்விட்டு வாசித்தார். "இதுல பொட்டப் பத்தி ஒண்ணும் இல்லையே சார்?" என்று கேட்டார். கையெழுத்துப் போடாமல் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாளிலிருந்து வேறு ஒரு பெண் வந்தாள். பத்து வருடம் முடிய மூன்று வாரம் பாக்கி இருந்தது.

அக்கா பேகம்பூரில் ஒரு பிரியாணிக் கடையில் அண்டா கழுவப் போனார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. உள்ளே சேக் பரீது அண்ணன் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது.

டிசம்பரில் ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு அக்கா வீட்டுக்காரரைத் தோளில் தாங்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குள் வந்தார். அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. எழுந்து ஓடினேன். எங்கள் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறுகிறவருக்கும் டோக்கன் வேண்டும். எமர்ஜென்சி வாசலில் போனால் முதலில் கட்டச் சொல்லும் தொகை அக்காவால் ஆகாது. வரிசையில் விலகச் சொல்லி அவர்களை முன்னால் விட்டேன். அக்கா தன் போன் நம்பரை அழுத்தினார். நெஞ்சு டாக்டரைத் தொட்டார். திரை நீலமானது. வெள்ளை எழுத்தில் வருத்தம் தெரிவித்தது.

பின்னால் நூறு பேர். நான் அருண்பாண்டிக்குப் போன் போட்டேன். வாடிப்பட்டியைத் தாண்டிவிட்டானாம். "டோக்கன் பிறகு போட்டுக்குறேன், இவங்கள மொதல்ல உள்ள விடுங்க" என்று நெஞ்சு டாக்டரின் நர்ஸிடம் கெஞ்சினேன். டோக்கன் இல்லாமல் விட்டால் மேனேஜர் தன்னைக் கேட்பார் என்றாள். அதற்குள் மேனேஜரே வந்துவிட்டார். நீலத் திரையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கிட்டப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, செத்த அமுக்கி விடேன். ஒன் வீட்டுக்காரருக்கும் சீக்கிரம் சீட்டு வந்துரும்ல."

இந்த ஆளுக்கு நாக்கு எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்கா குரலைத் தாழ்த்தவில்லை. "எழுதிக் குடுங்க சார். சைதூன் மெசினத் தொட்டதுல தப்பு இல்லன்னு ஒரு வரி. இப்ப எழுதிக் குடுங்க, இப்பவே தொடுறேன்."

"இது அதெல்லாம் பேசுற நேரமாம்மா?"

"என்னைய வெளிய அனுப்புறதுக்கு ஒரு பக்கம் எழுதுனீகளே, அதுக்கு மட்டும் நேரம் இருந்துச்சா?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுதவில்லை. ஒரு வரி எழுதுவதைவிட நூறு பேர் நிற்பது அவருக்கு லேசாக இருந்தது. அக்கா இன்னும் ஒரு நிமிடம் அவருக்காகக் காத்திருந்தார். அந்த நிமிடம் முழுக்க சேக் பரீது அண்ணன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். பிறகு, "வாங்க, வேற பக்கம் போவோம்" என்று சொல்லி அவரைத் தாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. மெஷினிடம் போய் வலது மேல் மூலையில் கட்டைவிரலை வைத்துப் பத்து எண்ணினேன். பலகை வந்தது. இரண்டு, ஐந்து, எட்டு, பூஜ்யம். திறந்தது. ஆளை மாற்றினார்களே தவிர நம்பரை மாற்றவில்லை. மூன்றாவது வரியைத் தொட்டேன். மெஷின் அணைந்து எழுந்ததும் அக்காவின் போன் நம்பரைப் போட்டு ஒரு சீட்டு எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். ஆட்டோ போய்விட்டது. கையில் சீட்டோடு திரும்பி வந்து மேனேஜரிடம் நேராகச் சொன்னேன்: "நானும் ரகசிய நம்பர் போட்டுத்தான் உள்ள போனேன் சார். எல்லாரும் பாத்தாங்க. எம்மேலயும் எழுதுங்க."

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நல்லவேள, நீங்க இருந்தீங்க வினிதா" என்றார்.

சேக் பரீது அண்ணனை வேறு ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். மாடிப்படி ஏற முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் மெஷினைத் திறந்த அன்று சாயங்காலமே என் மேஜைக்கு ஒரு கடிதம் வந்தது. இனிமேல் டோக்கன் இயந்திரம் பழுதானால் ரகசியப் பகுதிக்குள் சென்று சரிசெய்யும் பொறுப்பு வினிதாவுக்கு வழங்கப்படுகிறது, நிர்வாகம் அவரைப் பாராட்டுகிறது என்று அதில் இருந்தது. கீழே பெரிய டாக்டரின் கையெழுத்து. பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக என் கையெழுத்தைக் கேட்டார்கள். போட்டேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை பேகம்பூருக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தக் கடிதத்தைப் பற்றி இன்னும் அவரிடம் சொல்லவில்லை.